முசிறி தாலுகா, ஆவாரங்குறிச்சி

சேசு மரி சூசை

அக்கரப்பத்தனை
18 பெப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்குத் தெரேசா எழுதுவது. நானும் ஷாமிலாவும் சுகம். உங்கள் சுகத்துக்கும் அண்ணியின் முழங்கால் வலி தீரவும் மாதாவை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீங்கள் "சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். அம்மாவை அடக்கம் பண்ணின அன்றும் அதுதான் நடந்தது. கடிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது. அதனால் இனிமேல் எழுத்துதான்.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்தது. தோட்டத்துக் கல்லறையில், அப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. கடைசி வாரத்தில் அம்மா தெளிவாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என்னைய இங்கனயே பொதைங்க. ஒரு பிடி மண்ண மட்டும் எடுத்து நம்ம ஊருல, நம்ம ஆளுக கிட்டப் போட்டுருங்க. பெரியவன்கிட்டச் சொல்லு." பெரியவன் நீங்கள்தான். எண்பத்திரண்டில் மாமா குடும்பத்தோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர் நீங்கள். எனக்கும் அம்மா அப்பாவுக்கும் இந்த மலைதான் என்று ஆகிவிட்டது.

மண்ணை எடுத்து, சோறு கட்டுகிற லஞ்ச் சீட்டில் சுற்றி பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். நம்ம டவுன் துணிக்கடை மக்பூல் நானா சேலை எடுக்கத் திருச்சிக்கு வருகிறார். அவர் கையில் டின்னையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். "டீச்சர், ஏயார்போட்ல கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார். "எங்கம்மான்னு சொல்லுங்க நானா" என்றேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார்.

இன்னொன்று. என் பிள்ளை ஷாமிலாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. பையன் பெயர் ஜூலியன், வட்டவளைப் பக்கத் தோட்டத்தில் கிளாக்கர். நம்ம சபைதான், நல்ல பையன், இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. அவன் அம்மா வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஊர்ல உங்களுக்கு எந்தத் தாலுகா?" இங்கே எல்லார் வீட்டிலும் அதுதானே முதல் கேள்வி! கேட்கிறவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை, சொல்கிறவரும் பார்த்ததில்லை. அம்மா சொல்வதுபோலவே தலையை நிமிர்த்தி, "முசிறி தாலுகா, ஆவாரங்குறிச்சி" என்றேன். "தெரு?" என்றார்கள். "அண்ணன் போகப் போறாரு, வந்து சொல்வாரு" என்று முடித்துவிட்டேன்.

ஆகவே ஈஸ்டருக்குள் போய் மண்ணைச் சேர்த்துவிட்டு எழுதுங்கள். கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அம்மாவுக்குக் கல் வைக்க வேண்டும். கல்லில் ஊர் பேர் போட வேண்டும்.

பதிலுக்குக் காத்திருக்கும் தங்கச்சி,
தெரேசா

*

கூடலூர், நீலகிரி
20 மார்ச் 2024

பாசமுள்ள தங்கச்சிக்கு அண்ணன் பத்திநாதனின் ஆசி. இங்கே நாங்கள் நலம். அண்ணிக்கு வலி குறைந்திருக்கிறது. போன வாரம் யானை ஒன்று லயத்து வீடுகள் பக்கம் வந்து வாழையை முறித்துப் போட்டது. மற்றபடி குறையில்லை.

மக்பூல் பாய் திருச்சியிலிருந்து லாரி ஆபீஸ் மூலம் அனுப்பிய டின் பத்திரமாக வந்து சேர்ந்தது. மேசையில் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். நாற்பது வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன், முசிறிக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. கப்பலை விட்டு இறங்கியதும் மண்டபம் முகாம், அங்கிருந்து நேரே இந்தத் தேயிலை. தேயிலையை விட்டுத் தேயிலைக்கு வந்தேன், அவ்வளவுதான். ஊருக்குப் போக வேண்டும் என்ற நினைப்பு இருந்துகொண்டே இருந்தது. இப்போது அம்மா அனுப்புகிறார்.

ஈஸ்டர் முடிந்த கையோடு கிளம்புகிறேன். கவலையை விடு.

அன்புடன்,
அண்ணன்

*

கூடலூர்
2 மே 2024

பாசமுள்ள தெரேசாவுக்கு, நலம்தானே? ஷாமிலாவுக்கு மாமன் விசாரித்ததாகச் சொல்.

போய் வந்தேன். கோயம்புத்தூரில் ரயிலேறிக் குளித்தலையில் இறங்கினால் எதிர்க்கரை முசிறி. நடுவில் ஓடுவதுதான் அகண்ட காவிரி. அகலம் என்றால் அப்படி ஓர் அகலம்! நம்ம மலையில் ஆறு என்றால் பாறைக்குப் பாறை தாவி ஓடும். இங்கே அது படுத்துக் கிடக்கிறது. பங்குனி முடிந்துவிட்டதால் பாதிக்கு மேல் மணல்தான். பாலத்தில் பஸ் போய்க்கொண்டே இருக்கிறது, ஆறு முடிய மாட்டேன் என்கிறது.

கரையோரம் வாழை, நெல், வெற்றிலைக் கொடிக்கால். வாய்க்கால் பாயும் பள்ளத்தில் கோரை. அதை அறுத்துக் கிழித்துக் காயவைத்துப் பாய் நெய்கிறார்கள். முசிறிக் கோரைப்பாய் என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். கொஞ்சம் வடக்கே போனால் ஈரம் போய்ச் சோளக்காடு, அதற்கு மேலே தாத்தையங்கார்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். இன்னும் வடக்கே பச்சைமலையும் கொல்லிமலையும் நீலமாகத் தெரியும். அதைப் பார்த்ததும் எனக்கு அக்கரப்பத்தனை ஞாபகம் வந்துவிட்டது. மேற்கே திருஈங்கோய்மலை. மரகத லிங்கம் உள்ள கோயில், ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

ஆவாரங்குறிச்சியில் மாதா கோயில் பெரியது. வாசலில் புங்கமரம். உட்காரவைத்துக் கண்ணாடி டம்ளரில் நல்ல காபி கொடுத்தார்கள். மூன்று நாள் முசிறியில் தங்கிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு தாலுகாவுக்குள் ஆறும் காடும் மலையும் இருக்கின்றன. நம்ம முன்னோர் நல்ல மண்ணில்தான் பிறந்திருக்கிறார்கள்.

அங்கே மழை எப்படி? உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

அக்கரப்பத்தனை
26 மே 2024

அண்ணனுக்கு, சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஆறு இருக்கிறது. கோரை இருக்கிறது. தறி இருக்கிறது. காபி டம்ளர்கூட இருக்கிறது. அம்மா எங்கே? மண்ணை எங்கே போட்டீர்கள்? யார் செபம் சொன்னார்கள்? ஒரு வரி இல்லை! நான் ஸ்கூலில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு, மலை என்று சுற்றாடல் பாடம் நடத்துகிறவள். எனக்கே நீங்கள் பாடம் எடுக்கிறீர்களா?

ஷாமிலா, "மாமா நல்லா எழுதுறாருல்லம்மா" என்றாள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. நல்லா எழுதுகிறவருக்கு வேண்டியதை எழுதத் தெரியாதா?

ஜூலியன் அம்மா இரண்டு தடவை போன் எடுத்துக் கேட்டுவிட்டார்கள். "அண்ணன் போனாரே, என்ன சொன்னாரு? தெரு தெரிஞ்சிச்சா?" என்று தேன் மாதிரிப் பேசுகிறார்கள். அந்தத் தேனுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? போகட்டும். தெருவைப் பற்றி நீங்கள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. மண்ணைப் பற்றி எழுதுங்கள். ஹட்டனில் கல் வெட்டுகிறவரிடம் சொல்லி வைத்துவிட்டேன். "முசிறி தாலுகா ஆவாரங்குறிச்சி மண்ணில் சேர்ந்தவர்" என்று போடச் சொல்லியிருக்கிறேன். பொய்யைக் கல்லில் வெட்ட முடியாது.

உடனே பதில் வேண்டும்.

தெரேசா

*

கூடலூர்
8 ஜூலை 2024

அன்புத் தங்கச்சிக்கு, எல்லாரும் நலமா? இங்கே தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது. அங்கேயும் அதே மழைதான் பெய்யும்.

நீ கோபப்படுவது நியாயம். பதில் தாமதமானதற்குக் காரணம், நூலகத்தில் உட்கார்ந்து அந்தத் தாலுகாவின் பழைய கதையைத் தேடிக்கொண்டிருந்தேன். தாது வருஷப் பஞ்சத்தில் காவிரிக் கரையிலேயே ஆட்கள் பட்டினியில் விழுந்திருக்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் இருந்தாலும் நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் சோறு. நிலம் இல்லாதவர்களைத்தான் ஆள்கட்டிகள் தேடி வந்து, "கண்டிச் சீமையில தேங்காயும் மாசிக் கருவாடும் கொட்டிக் கிடக்கு" என்று சொல்லிக் கூட்டிப் போயிருக்கிறார்கள். நடந்தே ராமேஸ்வரம், தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டுப் பாதையில் மாத்தளை. நம்ம கொள்ளுத்தாத்தா சந்தியாகுவும் அப்படிப் போனவர்தான்.

யாரும் ஊரை வெறுத்துப் போகவில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

கல் வெட்ட அவசரப்படாதே. எல்லாம் நல்லபடியாக முடியும். ஷாமிலா கல்யாணம் முதலில் நடக்கட்டும்.

அண்ணன்

*

அக்கரப்பத்தனை
30 ஜூலை 2024

அண்ணனுக்கு.

சுகம் விசாரிக்க எனக்கு மனசில்லை. அண்ணியை மட்டும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

வாயில் என்ன கொழுக்கட்டையா? நான் அம்மாவைக் கேட்டால் நீங்கள் தாது வருஷத்துக்குப் போகிறீர்கள். அடுத்த கடிதத்தில் சோழ ராஜாவைக் கூட்டிக்கொண்டு வருவீர்கள் போல! கல் வெட்டாதே என்கிறீர்கள். ஏன்? கல்யாணம் முதலில் என்கிறீர்கள். கல்லுக்கும் கல்யாணத்துக்கும் என்ன?

கேட்டுக்கொள்ளுங்கள். செப்டெம்பரில் நம்ம கோயில் பங்கிலிருந்து வேளாங்கண்ணித் திருநாளுக்கு ஒரு கூட்டம் வருகிறது. நான் பேர் கொடுத்துவிட்டேன். திருநாள் முடிந்ததும் நானே முசிறிக்கு பஸ் ஏறுவேன். ஆவாரங்குறிச்சி மாதா கோயில் வாசலில் நின்று, "எங்கம்மா எங்கே?" என்று கத்துவேன். நான் கத்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

தெரேசா

*

அக்கரப்பத்தனை
31 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு, ஷாமிலா. நீங்களும் அத்தையும் சுகமா?

அம்மா எழுதியதைப் போஸ்ட் பண்ண என்னிடம்தான் தந்தார். திறந்திருந்தது, படித்துவிட்டேன். மன்னிக்கவும். அதே உறைக்குள் இதையும் வைக்கிறேன்.

அம்மா உங்களிடம் கோபப்படுகிறார். ஆனால் ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மாச்சி கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார், கேட்டால் "பிள்ளைகளோட கொப்பி திருத்துறேன்" என்கிறார். கையில் கொப்பி இருக்காது.

மாமா, எனக்காக எதையாவது மறைக்கிறீர்கள் என்றால் தயவு செய்து வேண்டாம். எனக்கு இருபத்தாறு வயது. நுவரெலியா ஹோட்டலில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், தினமும் வெள்ளைக்காரனோடும் முதலாளியோடும் மல்லுக்கட்டுகிறேன். நீங்கள் சொல்லப்போகும் எதற்கும் நான் உடைந்து போக மாட்டேன். அம்மாவுக்கு எழுதுங்கள்.

உங்கள் மருமகள்,
ஷாமிலா

*

கூடலூர்
17 ஆகஸ்ட் 2024

தெரேசா,

மாதா உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றட்டும். நீ அந்த ஊருக்குப் போகக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

அன்றைக்குக் கோயில் வாசலில் இறங்கி, "சிலோன்ல பொறந்தவங்க, நம்ம ஊருதான்" என்றதும் கோயிலைக் கவனிக்கும் கோயில்பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்தார். காபி வந்தது. அம்மாவின் மண் என்று டின்னைக் காட்டினேன். தொட்டுக் கும்பிட்டார். கல்லறைத் தோட்டத்தைத் திறந்துவிட்டு, "நல்ல எடமாப் பாத்துப் போடுவோம்" என்று மதிலுக்குள் கூட்டிப்போனார். உள்ளே வேப்பமரமும் சிமெண்டுச் சிலுவைகளும் இருந்தன. நானே ஓர் இடத்தைக் காட்டி, "இங்க போடலாமா?" என்றேன். "போடலாம், போடலாம். எந்தத் தெரு நீங்க?" என்றார். தெரியாது என்றேன், சந்தியாகு பரம்பரை என்றேன். படியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "சிலோனுக்குப் போன சந்தியாகுவா? கீழத்தெரு ஆளுல்ல அவன்?" என்றார்.

அவ்வளவுதான். கோயில்பிள்ளை கையை எடுத்துக்கொண்டார். "வாங்க" என்று கூப்பிட்டவர், "வா, இப்படி வெளிய வா" என்றார். "உங்க ஆளுக கல்லறை அந்தாண்ட இருக்கு. சொவத்தச் சுத்திப் போவணும்." நான் குடித்த டம்ளரைத் தனியே எடுத்து வைத்ததையும் பார்த்தேன்.

சுற்றிப் போனேன். வாய்க்கால் கசிந்து சொதசொதவென்று இருந்தது. பாதி கோரை, பாதி கல்லறை. சவரியாயி என்று ஒரு பெண் கோரை அறுத்துக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "போனவங்களாவது தப்பிச்சாங்கன்னு நெனச்சிருந்தோம். திரும்ப ஏய்யா இங்க கொண்டாந்த?" என்றது. பிறகு அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, "சரி குடு, நானே தோண்டுறேன். எங்கம்மா பக்கத்துல போடலாம்" என்றது.

எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை, தெரேசா. அம்மாவை அந்தச் சேற்றில், சுவருக்கு வெளியே போடுவதா? "பொறவு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாள் முசிறியில் சும்மா அலைந்தேன். உனக்கு எழுத ஏதாவது வேண்டுமே என்று ஆற்றையும் மலையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். டின் என் அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் இருக்கிறது.

இது வட்டவளைக்குத் தெரிந்தால் ஷாமிலா கல்யாணம் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். ஊர் பேரோடு நிறுத்திவிடு. தாலுகா போதும்.

அண்ணன் பத்திநாதன்

*

அக்கரப்பத்தனை
10 செப்டெம்பர் 2024

அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நான் வேளாங்கண்ணிக்குப் போகவில்லை. போயிருந்தால் அந்தக் கோயில்பிள்ளையை அடித்திருப்பேன், போலீஸ் பிடித்திருக்கும்.

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஸ்கூலுக்குப் போகவில்லை. அந்தச் சுவரைக் கட்டினவர்கள் நாசமாய்ப் போக! சிலுவையில் தொங்குகிறவரை உள்ளே வைத்துவிட்டு, அவருடைய ஆட்களை வெளியே போட்டிருக்கிறார்கள். தினமும் அந்தச் சுவரைத் தாண்டிப் பூசைக்குப் போய் நாக்கை நீட்டி நற்கருணை வாங்குகிறார்களே, தொண்டையில் இறங்குகிறதா அது?

ஆனால் அண்ணா, அவர்கள் மேல் இருப்பதைவிட உங்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

எனக்கு இது தெரியாது என்று நினைத்தீர்களா? சின்ன வயதில் மேட்டு லயத்தில் என் கூட்டாளி வீட்டில் எல்லாருக்கும் கோப்பையில் தேத்தண்ணீர், எனக்கு மட்டும் தகரப் பேணியில். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, "கேட்டா முசிறி தாலுகான்னு சொல்லு. அதுக்கு மேல சொல்லாத" என்றார். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அதுதான் நம்ம குடும்பத்துக்குக் கிடைத்த சட்டை. நானும் வட்டவளைக்காரர்கள் முன்னால் அதையே போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். இங்கே தாலுகா கேட்பது எதற்கென்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை.

அம்மா சொன்னதைத் திரும்பப் படியுங்கள். முதல் கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தேன். "நம்ம ஆளுக கிட்டப் போட்டுருங்க." வேப்பமரத்தடியில் போடச் சொன்னாரா? மதிலுக்குள்ளே போடச் சொன்னாரா? மதிலுக்குள்ளே இடம் காட்டினது நீங்கள்! நம்ம ஆள் அரிவாளைப் போட்டுவிட்டுக் கை நீட்டியிருக்கிறாள். தன் அம்மா பக்கத்தில் இடம் தருகிறேன் என்றிருக்கிறாள். நீங்கள் அவளிடம் கொடுக்காமல் ஓடி வந்திருக்கிறீர்கள். டம்ளரைத் தனியே எடுத்து வைத்த அந்த ஆளுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்!

வேட்டிக்கு அடியில் ஒளித்து வைக்க அது என்ன கடத்தல் சாமானா? அது நம்ம அம்மா!

போங்கள். சவரியாயியிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவள் காட்டுகிற இடத்தில் போடுங்கள். ஷாமிலா கல்யாணத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "கல்லுல தெருவையும் போடுங்கம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

கல் வெட்டுகிறவருக்குப் புது வாசகம் கொடுத்தாயிற்று.

தெரேசா

*

கூடலூர்
14 அக்டோபர் 2024

என் தங்கச்சிக்கு,

நலம். நீ எழுதியதற்கு ஒரு வார்த்தைகூட மறுப்பு இல்லை.

போன வாரம் போய்ப் போட்டுவிட்டேன். அண்ணியும் வந்தாள். சவரியாயி என்னைப் பார்த்ததும், "பொறவு வர்றேன்னு போனியே, இதானா பொறவு?" என்று திட்டிவிட்டுத்தான் மண்வெட்டியை எடுத்தது. கீழத்தெரு முழுக்க வந்து நின்றார்கள். சந்தியாகுவின் தம்பி வழி என்று இரண்டு குடும்பம் இருக்கிறது. அவர்களில் ஒருவருக்கு அச்சு அசல் அப்பாவின் மூக்கு. மழை பெய்து தண்ணீர் நின்றதால் மேட்டில் குழி எடுத்துக் கோரைப்பாய்த் துண்டில் மண்ணை வைத்து இறக்கினோம். செபம் சொன்னது சவரியாயிதான். அவர்கள் வீட்டில் ரசமும் கருவாடும் சாப்பிட்டோம்.

மதிலுக்கு மேலாகக் கோயில்பிள்ளை எட்டிப் பார்த்தார். கீழத்தெருக்காரர்கள் அந்த மதிலை எதிர்த்துக் கேஸ் போட்டிருக்கிறார்கள். சாட்சிக்கு ஆள் வேண்டுமாம். என் பேரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மாவின் மகன்,
பத்திநாதன்

*

அக்கரப்பத்தனை
9 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

நீங்களும் அண்ணியும் நல்ல சுகமாக இருக்க வேண்டும். கேஸுக்கு அலைய உடம்பில் தெம்பு வேண்டும்.

கல்லறைத் திருநாளுக்குக் கல் வைத்துவிட்டேன். ஹட்டன்காரர் கொண்டுவந்து இறக்கும்போதும் ஒரு தடவை கேட்டார். "டீச்சர், தெரு எல்லாம் யாரும் போடுறதில்லீங்களே?" "நாங்க போடுறோம்" என்றேன். அம்மா பேர், பிறந்த தோட்டம், இறந்த தேதி, கீழே "முசிறி தாலுகா, ஆவாரங்குறிச்சி". கடைசி வரியில் "கீழத்தெரு".

அன்றைக்கு மூடுபனி. பங்குச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். ஜூலியனும் அவன் அம்மாவும் வட்டவளையிலிருந்து வந்திருந்தார்கள், கையில் பூவும் மெழுகுவர்த்தியும். அந்த அம்மா குனிந்து கல்லைப் படித்தார்கள். முகம் மாறியதை நான் பார்த்தேன். பூவை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "பனியில தலைவலிக்குது, நாங்க கெளம்புறோம்" என்றார்கள். அது எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஜூலியன் கிளம்பவில்லை. அம்மாவை வேனில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்தான். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது எனக்கு. ஷாமிலாவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினான். என் காதில் விழாது என்று நினைத்தான். "எனக்கு இதெல்லாம் பெரிசில்ல ஷாமி. அம்மாவுக்குத்தான். கல்யாணம் முடியிற வரைக்கும் அந்தக் கடைசி வரியில மட்டும் கொஞ்சம் சிமெந்து பூசி வைக்கலாமே? பொறகு சொரண்டிக்கலாம்."

நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். அதற்குள் ஷாமிலா கேட்டுவிட்டாள். சத்தம் போடவில்லை அண்ணா, அவளுக்கு என் தொண்டை இல்லை. "அப்ப எனக்கு? ஒங்க வீட்டுக்கு வர்றப்ப எனக்கும் எதையாச்சும் பூசிக்கிட்டு வரணுமா?" என்றாள். அவன் நிலத்தைப் பார்த்தான். "பதில் சொல்லுங்க" என்றாள். அவன் வேன் பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் கொடுத்திருந்த மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் இருந்த மெழுகுவர்த்தி உறைக்குள் போட்டுவிட்டு, அம்மாச்சி கல்லறைக்கு வந்து முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள்.

பிள்ளை அழுதாள், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று நாள் சாப்பிடவில்லை. நானும் அழுதேன். ஒரு வார்த்தை வெட்டாமல் விட்டிருந்தால் தை மாதம் கல்யாணம் முடிந்திருக்கும் என்று ஒரு பக்கம் மனசு அரிக்கத்தான் செய்கிறது. மறு பக்கம், அந்தச் சிமெந்தை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது. "மாமாவுக்கு எழுதுங்கம்மா, கேஸ் நடக்கிற அன்னைக்கு நானும் வர்றேன்னு சொல்லுங்க" என்றாள் நேற்று. பாஸ்போட் எடுக்கக் கொடுத்திருக்கிறாள். தேதியைத் தெரிவியுங்கள். சவரியாயி வீட்டில் இன்னும் ஓர் இலை போடச் சொல்லுங்கள்.

இங்கே மழை விடவில்லை, புதுக் கல்லிலும் அதற்குள் பாசி பிடிக்கப் பார்க்கிறது. ஸ்கூல் விட்டு வரும் வழியில் தினமும் போய்த் துடைத்துவிட்டு வருகிறேன். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை துடைக்கிறேன்.

உங்கள் தங்கச்சி,
தெரேசா